சந்தேகம் வந்தால் எதிராளிக்கு

அன்பும் மதிப்பும் மிக்க பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பியின் மூத்த மகள், தங்களால் 'எங்க வீட்டுப் பட்டதாரி' என்று பேக்கரிக்கு வருகிற போகிற எல்லாரிடமும் அறிமுகப்படுத்தப்பட்டவள், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் முதல் வரியிலேயே பொய் எழுத மனம் வரவில்லை. உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எனக்குப் போனில் வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். நேரில் அதைவிட மோசம். அதனால் காலையில் ஆபீஸுக்குப் போகிற வழியில், பேக்கரிப் பின்வாசலில் காலி ரொட்டித் தட்டுகளை அடுக்கி வைக்கும் இடத்தில் இதை வைத்துவிட்டு ஓடிவிடுவதாக இருக்கிறேன். எண்ணெய்க் கறை பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். போட்டி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. அந்த ஒரு வாரமாக உங்கள் வேன் எங்கள் தெருவுக்குள் வரவில்லை. ஆனால் சின்னவள் தினமும் விடிவதற்கு முன்பே எழுந்து, ஷூ மாட்டி, ராக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். தெருமுனையில் எந்த வண்டி திரும்பினாலும் எழுந்து நிற்கிறாள். பால் வண்டிக்கும் எழுந்து நிற்கிறாள், குப்பை வண்டிக்கும் எழுந்து நிற்கிறாள். வெயில் படிக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறாள். அழவில்லை. அழுதிருந்தால் அம்மா நாலு திட்டுத் திட்டியாவது ஆற்றியிருப்பார். டென்னிஸ் மைதானம் ஊருக்கு அந்தக் கோடியில், அந்த நேரத்தில் பஸ் கிடையாது, நீங்கள் கிளப் கேன்டீனுக்கு ரொட்டி கொண்டு போகிற வேன் ஒன்றுதான் அவளுக்கு வழி. கோச்சும் ஓர் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்: 'இந்த வாரமும் வரலேன்னா அவளோட காலை நேரத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துடுவேன். வருத்தப்படக் கூடாது.' அடுத்த போட்டி வரப்போகிறது. அந்தக் காலை நேரம் போனால் அவள் டென்னிஸும் போச்சு.

நடந்ததற்குக் காரணம் அவள் இல்லை, பெரியப்பா. நான்தான். எப்படி என்று விளக்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். எனக்குப் பேச வராதது எல்லாம் எழுத்தில்தான் வந்து கொட்டும்.

போட்டிக்கு முந்தின வாரம் நீங்கள் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னது நினைவிருக்கும். "பெரியவளே, நாமெல்லாம் குடும்பத்தோட போறோம். அங்க வர்றவங்க எல்லாம் பெரிய இடம். சத்தமாப் பேசக் கூடாதாம், நினைச்ச நேரத்துக்கு எந்திரிச்சு நடக்கக் கூடாதாம். நீதான் படிச்சவளாச்சே, எது செய்யலாம் எது செய்யக் கூடாதுன்னு தமிழ்ல எழுதி வேன்ல ஒட்டிடு. நம்மளால பிள்ளைக்கு ஒரு சொல் வந்துடக் கூடாது." நான் படித்தது வேதியியல். வேதியியலுக்கும் டென்னிஸுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஒரு குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருப்பதன் சங்கடம் இது, பெரியப்பா. மிக்ஸி ஓடவில்லையா, பெரியவளைக் கூப்பிடு. மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது, பெரியவளைக் கூப்பிடு. தெரியாது என்று சொன்னால், "அப்போ மூணு வருஷமா அங்க என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?" என்று அப்பா மிகவும் மரியாதையாகக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் எல்லாவற்றையும் தெரிந்தவளாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

அதனால் ஆபீஸில் அரை நாள் அனுமதி கேட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனேன். அங்கே கேட்டுக்குப் பக்கத்தில் போட்டி விதிகளும் நடத்தை முறைகளும் ஆங்கிலத்தில் எழுதிய பெரிய பலகை இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடலாம் என்று. காவலாளி, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். "பலகையைப் பார்க்கணும்" என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை, ஆனால் நான் எழுதி முடிக்கும்வரை பலகைக்குக் காவலாகப் பக்கத்திலேயே நின்றார். வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அழகாகத் தமிழில் எழுதினேன். குறித்த நேரத்துக்கு முன்பே போய்ப் பெயரைச் சொல்லிவிட வேண்டும், தாமதமானால் ஆடாமலே தோல்வி. பாயிண்ட் நடக்கும்போது பார்வையாளர்கள் அசையக் கூடாது, ஆடுகிறவர்கள் பக்கம் மாறும்போதுதான் எழுந்து நடக்கலாம். எதிராளி செய்த தப்புக்குக் கை தட்டக் கூடாது. வெளியிலிருந்து யோசனை சொல்லக் கூடாது, கையால் ஜாடை காட்டினாலும் அது யோசனைதான். பக்கத்துக் கோர்ட்டுப் பந்து உருண்டு வந்தால் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். கோட்டைப் பார்க்கத் தனி நடுவர் கிடையாது, தன் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்பதை அந்தப் பக்கம் ஆடுகிறவரேதான் சொல்ல வேண்டும், பார்வையாளர் சொல்லக் கூடாது. கடைசியாக ஒன்று. அதற்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். சந்தேகம் வந்தால், எதிராளிக்குச் சாதகமாகவே சொல்ல வேண்டும்.

அந்த அடிக்கோடு போட்ட கையை இப்போது எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

அந்த விதியை எழுதியவர்கள் நம் குடும்பத்தைப் பார்த்ததில்லை, பெரியப்பா. எப்போதாவது ஒரு சந்தேகம் வருகிறவர்களுக்காக அவர்கள் அதை எழுதியிருக்கிறார்கள். நமக்குச் சந்தேகம் வராத பொழுது எது? அப்பா ஊருக்கெல்லாம் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், ஆனால் தன் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்காத நாள் கிடையாது. அம்மா எந்தக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாலும் பந்தியில் எழுந்து, "கேஸை மூடினேனா?" என்பார். நீங்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது, வேனின் பின்கதவைச் சாத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி, மறுபடி இறங்கிப் போய்த் தட்டிப் பார்ப்பவர். நான் பரீட்சையில் எழுதிய விடையை அடித்துவிட்டு அதே விடையை மறுபடி எழுதி மார்க் வாங்கியவள். இப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்த பெண்ணிடம் போய், 'சந்தேகம் வந்தால் விட்டுக்கொடு' என்று சிவப்பு மையில் எழுதிக் காட்டினால் அவள் எதைத்தான் மிச்சம் வைப்பாள்?

போட்டி நாளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும்தான் இருந்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் என் கை இருக்கிறது. வேனில் எல்லாரும் ஏறி, ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் நானும் அம்மாவும் உட்கார்ந்து, சின்னவள் முன்னால் உங்கள் பக்கத்தில் ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நல்லபடியாகத்தான் கிளம்பினோம், பெரிய சாலையைத் தொடும்போது அப்பா, "அண்ணே, ஒரு நிமிஷம், பூட்டினேனான்னு..." என்றார், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியைத் திருப்பினீர்கள், பூட்டியிருந்தது, மறுபடி கிளம்பினோம், பாதி வழியில் அம்மா மூக்கை உறிஞ்சி, "எனக்கு என்னமோ கேஸ் வாடை அடிக்குதுங்க" என்றார், வீட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் எப்படியம்மா அடிக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, மறுபடி திருப்பினீர்கள், அப்பா திறந்து பார்த்துவிட்டு வந்தார், மூடியிருந்தது, ஆனால் திறந்ததால் இப்போது பூட்டின சந்தேகம் புதிதாக ஆரம்பித்துவிட்டது. கிளப் வாசலில் நாம் போய் நின்றபோது சின்னவளின் பெயரை மைக்கில் கடைசித் தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஓடினாள். ஓடும்போது திரும்பி, "யாரும் ஓடாதீங்க, மெதுவா வாங்க" என்றாள். வீட்டிலேயே இருந்திருக்கலாம். நான் மட்டுமாவது இருந்திருக்கலாம்.

ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து பந்தை மெதுவாக அடித்துக் கை சூடேற்றுவார்கள் அல்லவா, அதில் எதிராளி வாகாக அடிக்கிற மாதிரி கொடுப்பதுதான் மரியாதை என்று பலகையில் இருந்தது, ஆனால் எழுத இடமில்லாமல் நான் விட்டுவிட்டேன். விட்டதன் பலன், சின்னவள் எதிராளியான அந்த மஞ்சள் தொப்பிப் பெண்ணுக்கு அழகழகாகப் பந்தைக் கொடுப்பதைப் பார்த்து அப்பா பதறிப்போய், "ஏம்மா, இவ எதுக்கு அவளுக்குச் சொல்லிக் குடுக்கிறா? அவளைத்தானே ஜெயிக்கணும்?" என்றார். அதற்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் கணக்கில் சந்தேகம் வந்துவிட்டது. "பதினஞ்சு, முப்பது, அப்புறம் நாப்பத்தஞ்சுதானே வரணும்? நாப்பதுங்கிறாங்க. நம்ம பிள்ளை அஞ்சு எங்க போச்சு?" நீங்களும், "அதானே! யாரு கணக்குப் பார்க்கிறது இங்க?" என்று நிமிர்ந்தீர்கள். அது எல்லாருக்கும் அப்படித்தான் பெரியப்பா, அந்தப் பெண்ணுக்கும் அஞ்சு குறையும் என்றேன். "ரெண்டு பேருக்கும் குறையுதுன்னா நடுவுல ஒருத்தன் எடுக்கிறான்னு அர்த்தம்" என்றார் அப்பா. பூட்டுத் தொழிலில் இருக்கிறவர், அவருக்கு எல்லாமே திருட்டாகத்தான் தெரியும்.

கை தட்டுவதாவது ஒழுங்காக நடந்ததா? சின்னவள் பாயிண்ட் எடுக்கும்போதெல்லாம் அப்பா என் பக்கம் சாய்ந்து, "இது இவ நல்லா அடிச்சதா, அவ தப்பா அடிச்சதா? தட்டலாமா?" என்று காதில் கேட்பார். நான் யோசிப்பேன். யோசித்து, தட்டலாம் என்று சொல்வதற்குள் மஞ்சள் தொப்பி அடுத்த சர்வுக்குப் பந்தை மேலே போட்டிருப்பாள், சரியாக அப்போது அப்பா கை தட்டுவார். அவள் பந்தைக் கீழே விட்டுவிட்டு நம்மைப் பார்ப்பாள். இது திரும்பத் திரும்ப நடந்ததில், கோர்ட்டு கோர்ட்டாகக் குடையோடு சுற்றி வந்த அந்தப் பொது நடுவர் நம்மிடம் வந்து, "சார், கை தட்டுறது நல்ல விஷயம்தான். ஆனா இப்படி ஆலோசனை பண்ணித் தட்டாதீங்க" என்றார். அதன் பிறகு அப்பா தட்டவே இல்லை. சின்னவள் அந்த நாளில் அடித்த மிக நல்ல அடிக்கு, அந்தக் கோர்ட்டில் கை தட்டியது மஞ்சள் தொப்பியின் அம்மா மட்டும்தான். நம் பிள்ளைக்கு நாம் தட்டவில்லை.

நீங்கள் பட்ட பாடு தனி. உங்களுக்குக் கை ஆடாமல் வாய் ஆடாது என்பது குடும்பத்துக்கே தெரியும். ஜாடை காட்டினாலும் யோசனைதான் என்று நான் எழுதி வைத்ததால், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டீர்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தபோதும் எடுக்கவில்லை. ஊதிப் பார்த்தீர்கள். இதற்கிடையில் பக்கத்துக் கோர்ட்டிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து அப்பாவின் காலடியில் நின்றது. அந்தக் கோர்ட்டில் ஆடிய இரண்டு பேருமே கை நீட்டியதால் அது யாருடையது என்று அப்பாவுக்குச் சந்தேகம். "யாருதுன்னு தெரியாம எப்படிம்மா குடுக்கிறது? நாளைக்கு ஒருத்தர் கேட்டா?" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பந்து இப்போது எங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறது. யாராவது உரியவர் வந்தால் கொடுத்துவிடுவதாகத் தினமும் சொல்கிறார்.

இவ்வளவுக்கும் நடுவில் சின்னவள் நன்றாகத்தான் ஆடினாள், பெரியப்பா. தனக்குப் பின்னால் இப்படி ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்து ஆடினாள். ஆளுக்கொரு செட் ஜெயித்து, மூன்றாவது செட்டும் இழுபறியில் போனது. ஆனால் நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். கோட்டுக்கு ஒட்டி விழுந்த பந்தையெல்லாம் அவள் உள்ளே, உள்ளே என்றுதான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிவப்பு மை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஐயோ, இவள் எல்லாவற்றையும் தானமாகக் கொடுக்கிறாளே, கொஞ்சமாவது சந்தேகப்படாமல் இருக்கக் கூடாதா என்று. எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. எனக்கா வாய் வரும்?

மூன்றாவது செட்டின் கடைசி ஆட்டத்துக்கு முன் இருவரும் பக்கம் மாறினார்கள். அப்போதுதான் அம்மா தண்ணீர் பிடிக்கப் போனார். குழாயில் தண்ணீர் மெதுவாக வந்ததோ, மூடியைச் சரியாக மூடினோமா என்று பார்த்தாரோ, அவர் திரும்பி வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. உங்களுக்கு நேர் முன்னால் படியேறிக்கொண்டிருந்தவர், ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்ப்படியில், கையில் பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டார். குடைக்காரர் கெஞ்சாத குறை. "அம்மா, பரவாயில்லை, உக்காருங்கம்மா." அம்மா உதட்டை மட்டும் அசைத்து, "நகரக் கூடாதுன்னு என் பொண்ணு எழுதியிருக்கா" என்றார். நீங்களும், "அசையாதம்மா, நல்லாத்தான் நிக்கிற" என்று சொல்லிவிட்டீர்கள். அந்த ஆட்டமோ முடிகிற வழியாக இல்லை. இவள் ஒன்று எடுத்தால் அவள் ஒன்று எடுக்கிறாள். அம்மாவின் முழங்கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. கடைசியில் மஞ்சள் தொப்பிக்கு இன்னும் ஒரே பாயிண்ட். அதைக் கொடுத்தால் மேட்ச் போச்சு.

அந்தப் பந்தை நான் பார்க்கவில்லை. ரிசல்ட் பார்க்கும்போது செய்வதைப் போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். காதில் விழுந்தது உங்கள் குரல் மட்டும்தான். "அவுட்டு!"

கண்ணைத் திறந்தபோது உங்கள் கைகள் இரண்டும் வெளியே வந்து ஆகாயத்தில் இருந்தன. பக்கத்துக் கோர்ட்டில் கூட ஆட்டம் நின்றுவிட்டது. சின்னவள் பின்கோட்டின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடைக்காரர் மெதுவாக, "ஐயா, பார்க்கிறவங்க சொல்லக் கூடாது. அந்தப் பொண்ணு சொல்லட்டும்" என்றார். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். "நீ சொல்லும்மா, நீ படிச்சவ. நான் சொன்னது தப்பா?"

ஒரு நாளும் வராத என் வாய் அன்றைக்கென்று வந்தது. "அப்படித்தான் எழுதியிருக்கு பெரியப்பா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. அதே நேரத்தில் சின்னவள் உள்ளங்கையைத் தரையைப் பார்க்க விரித்துக் காட்டினாள். உள்ளே என்று அர்த்தம். பிறகு நெட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் கை கொடுத்தாள், குடைக்காரருக்கும் கை கொடுத்தாள். நீங்கள் எழுந்து, "தோத்துட்டுக் கை வேற குடுக்கிறா பாரு" என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல், "பெரியப்பன் வார்த்தையைவிட அந்தப் பொண்ணு பெரிசாப் போச்சு அவளுக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். அம்மா அப்போதும் நகரவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டதா என்று அவருக்குச் சந்தேகம்.

நாங்கள் பஸ்ஸில் வந்தோம். நான்கு பேரும் நான்கு இருக்கையில். பாதி வழியில் அப்பா, "அண்ணன் கோபத்துல பின்கதவைச் சாத்தினாரான்னு தெரியலையே" என்றார்.

இதுதான் பெரியப்பா நடந்தது. நீங்கள் நினைப்பது போல அவள் உங்கள் வார்த்தையை நாலு பேர் முன்னால் தள்ளிப் பேசவில்லை. நீங்கள் பொய் சொன்னதாக அவள் நினைக்கவே இல்லை. பந்து எங்கே விழுந்தது என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, நம் வீட்டுப் பிள்ளைக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா, சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன், அதைச் செய்தாள். கிளப் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவளை, "உள்ள போய்ப் பாரேன், உன்னை யாரு கடிச்சா தின்னப் போறாங்க" என்று கையைப் பிடித்துக் கோச்சிடம் கூட்டிக்கொண்டு போனவர் நீங்கள். உங்களுக்கு எதிராக அவள் ஒரு விரலையாவது தூக்குவாளா? கையை விரித்தது அவள், ஆனால் விரிக்க வைத்தது என் அடிக்கோடு. கோபம் இருந்தால் என் மேல் வையுங்கள். என் டிகிரி மேல் வையுங்கள். அவளுக்கு வேன் மட்டும் அனுப்புங்கள். அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். அடுத்த போட்டிக்கு நாங்கள் யாரும் வரமாட்டோம். தேவைப்பட்டால் அவளிடம், உன் சந்தேகத்தையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டுப் போ, கோர்ட்டில் உன் பக்கம் மட்டும் பார் என்று நானே எடுத்துச் சொல்கிறேன்.

எழுதினது ஏதாவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால், இதை அப்பா அம்மாவிடம் சொல்லாமல் என்னையே கூப்பிட்டுத் திட்டவும். பெரியம்மாவின் இடுப்பு வலி இப்போது குறைந்திருக்கும் என்று எண்ணுகிறேன். அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார், பிறகு சொல்ல வேண்டாம் என்றார், பிறகு உன் இஷ்டம் என்றார். அம்மா வணக்கம் சொல்லச் சொன்னார், முழங்கால் தேவலை. தங்கள் தொழிலும் வேனும் எந்தக் குறையும் இல்லாமல் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பணிவுள்ள மகள்,
பெரியவள்

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போடுகிற நேரத்தில் சின்னவள் பின்னால் வந்து நின்று முழுக்கப் படித்துவிட்டாள். படித்து முடித்ததும், "என்னக்கா எழுதி வெச்சிருக்கே?" என்றாள். உன் மேல தப்பில்லேன்னுதான் எழுதியிருக்கேன் என்றேன். "எனக்கு எங்க சந்தேகம் வந்துச்சு? பந்து கோட்டுல பட்டுச்சு. சிமெண்ட் மேல பட்டா எழும்பும். பெயிண்ட் மேல பட்டா சறுக்கும். அது சறுக்குச்சு. நான் பார்த்தேன்." அப்படியானால் மற்றதெல்லாம் என்று கேட்டேன். "மத்ததும் உள்ளதான். அவ நல்லா அடிச்சா, ஜெயிச்சா. இதுல தானம் எங்க வந்துச்சு?" அப்படியானால் என் விதிகள்? "அதை நான் எங்க படிச்சேன்? அது அம்மா அப்பாவுக்குத்தானே எழுதினே? எனக்குக் கோச் முதல் நாளே சொல்லிட்டாரு." ஆக, மேலே நான் இத்தனை பக்கம் என் மேல் போட்டுக்கொண்ட பழியில் எனக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு இடத்தைத் தவிர. "பெரியப்பாவுக்கு அந்த மூலை எப்படிக்கா தெரியும்? நடுவுல அம்மா நின்னாங்களே" என்றாள். நினைத்துப் பார்த்தேன். பாட்டிலும் கையுமாக அம்மா நின்றது உங்கள் மூக்குக்கு நேராகத்தான். அம்மாவை அங்கே நிறுத்தியது என் காலண்டர் தாள். பந்தே தெரியாமல் பெரியப்பா எதைப் பார்த்து அவுட்டு என்று கத்தினார் என்று கேட்டேன். "என்னைப் பார்த்துத்தான்" என்றாள், சாதாரணமாக.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னாள். அவள் எழுதச் சொன்னது ஒரு வரிதான். 'பெரியப்பா, பந்து உள்ளதான் விழுந்துச்சு, நாளைக்கும் நான் வாசல்ல நிப்பேன்.' இவ்வளவு எழுதியதைக் கிழிக்க எனக்கு மனம் வராததால் அதை இங்கே சேர்த்திருக்கிறேன். நீங்கள் வருவீர்களா என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தேகமாக இருக்கிறது. அவள் நிற்பாள், பெரியப்பா. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.